முத்துத்தாய்க்கு ஒன்றும் வேண்டாம்

முத்துத்தாய்க்கு ஒன்றும் வேண்டாம் என்பது நாற்பதாயிரம் பேருக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருப்பவருக்குத் தெரியும், துபாயில் இருப்பவருக்குத் தெரியும். முத்துத்தாய்க்கு மட்டும்தான் தெரியாது. அவளுக்கு வேண்டியது நிறைய இருந்தது.

சொல்கிற நான் மாயகிருஷ்ணன். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு தீப்பெட்டி ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர் கீப்பர். வெளியூர்க்காரர்கள் ஃபேக்டரி என்பார்கள். மருந்து நெடியில் மூக்கு செத்துப்போன எங்களுக்கு அது ஆபீஸ்தான். இந்தக் கதையில் நான் நல்லவனாக வருவேன் என்று எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முத்துத்தாய் புதூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் அய்யாத்துரை ஆடு மேய்த்தவன். ஒரு ஐப்பசி மழையில் பாம்பு தீண்டிச் செத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தன்மார் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். வீடும் அவர்கள் பேரில்தான் இருந்ததாம். ஆறு வயது மகள் சுடலைச்செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு துணிமூட்டையோடு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். முதலாளி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி வேலை கொடுத்தார். ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் ஒரு அறையும் கொடுத்தார். அடுப்பு, இரண்டு பாய், துணி போட ஒரு கொடி, தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் குடம். பதினெட்டு வருடம் ஆகியும் அந்த அறையில் வேறு எதுவும் சேரவில்லை. சேர்க்க வழி இருந்தால்தானே?

வயிற்றைக் கட்டி அவள் சேர்த்தது ஒன்றே ஒன்று, ஏனம். மற்ற ஊர்களில் பாத்திரம் என்கிறார்களே, அதுதான். பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் வாரச் சீட்டுப் போட்டு, வருடத்துக்கு ஒன்று இரண்டாக எடுத்தாள். பித்தளைக் குடம், குத்துவிளக்கு, சருவம், அண்டா, தாம்பாளம், தூக்குவாளி. எல்லாவற்றிலும் மகள் பெயரை வெட்டி வாங்கினாள். முத்துத்தாய்க்கு எழுத்து தெரியாது. ஆனாலும் கடைக்காரர் வெட்டி முடித்ததும் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். தன்னுடைய சட்டி ஓட்டையானபோது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் பொங்கினாளே தவிர, ஏனத்தைக் கட்டி வைத்த சாக்கை அவிழ்க்கவில்லை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாது. புதுப்பெண் வந்து இறங்கியதும் மாமியார்க்காரி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஏனத்தைத்தான் பார்ப்பாள். குறைந்தால், அந்தப் பெண்ணுக்குத் தலை நரைக்கும்வரை சொல்லிக்காட்டுவாள். என் தங்கச்சிக்கு ஒரு அண்டா குறைந்தது. முப்பது வருடம் ஆகிறது, இன்னும் மாமியாரிடம் பேச்சு வாங்குகிறாள்.

இனி கிருஷ்ணப்ரியா. முதலாளியின் மகன் கார்த்திகேசனுக்கு மனைவி. மதுரைப் பெண், சென்னையில் படித்தவர். கல்யாணமாகி வந்த மூன்றாம் வருடம் அவருக்கு அந்தப் பெரிய வீட்டில் மூச்சு முட்டியது. பொருள்தான் மனிதனுக்குப் பாரம், மூன்று மாதம் தொடாத பொருள் நம்முடையதே இல்லை என்று எங்கோ படித்தார். அன்றிலிருந்து வீடு அல்லோலகல்லோலம். ஷோகேஸ் போனது, சோபா போனது, மாமியார் தஞ்சாவூரில் வாங்கிய பொம்மைகள் போயின. நூற்று நாற்பது சேலை வெளியே போய், ஒரே மாதிரி வெள்ளைக் கதர்ச் சட்டை ஏழு உள்ளே வந்தது. பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செம்பு வாளி வாங்கினார். எளிமைக்கு ஆகும் செலவை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

'போதுமே' என்று ஒரு சேனல் தொடங்கிப் பேசவும் ஆரம்பித்தார். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று ஒவ்வொரு வீடியோவையும் முடிப்பார். ஆள் கெட்டவர் இல்லை. வேலைக்காரப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார், ஒருவரையும் 'ஏட்டி', 'போட்டி' என்று மரியாதையில்லாமல் கூப்பிட்டதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களில் யாராவது ஒருத்தன் எதிர்த்துப் பேசியிருப்பான்.

போன வருடம் தைப் பொங்கலுக்குச் சேலை கொடுக்க லைன் வீட்டுப் பக்கம் வந்தவர், முத்துத்தாய் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"மாயகிருஷ்ணன் அண்ணே, இங்க பாருங்களேன். ரெண்டு பாய், ஒரு அடுப்பு. அவ்வளவுதான்! நான் மூணு வருஷமா முயற்சி பண்றதை இவங்க சத்தமில்லாம வாழ்ந்துட்டு இருக்காங்க."

தன்னை ஏதோ திட்டுகிறார்கள் என்று முத்துத்தாய் பயந்துபோய்க் கொடியில் கிடந்த துணியை மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாளே வீடியோ எடுக்க வந்தார்கள். செல்போனை நீட்டிப் பார்த்த கிருஷ்ணப்ரியா, மூலையில் இருந்த மூன்று சாக்கைக் காட்டினார். "அது மட்டும் இடிக்குது. ரெண்டு நாள் நம்ம ஸ்டோர்ல இருக்கட்டுமாம்மா?"

"அதுக்கென்ன தாயி" என்றாள் முத்துத்தாய். நான்தான் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் வைத்தேன்.

கடைசியில் செல்போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்களுக்கு என்ன வேணும்மா? எது வேணும்னாலும் கேளுங்க."

இந்த இடத்தில்தான் முத்துத்தாய் தப்புச் செய்தாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் "காப்பி குடிக்கீயளா?" என்பார்கள். வேண்டாம் என்போம். "சும்மா குடிங்க" என்பார்கள். அட, இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன் என்போம். மூன்றாம் தடவை டம்ளரைக் கையில் திணிப்பார்கள், குடிப்போம். முதல் கேள்விக்கே கையை நீட்டுகிறவனைக் காணாததைக் கண்டவன் என்று ஊரே சிரிக்கும். முத்துத்தாய் கேட்க நினைத்தது ஒரு பீரோ. மகள் கல்யாணத்துக்கு. மூன்றாம் தடவை கேட்கும்போது சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் தயாராக வைத்துக்கொண்டு, முறைப்படி முதல் பதிலைச் சொன்னாள்.

"எனக்கென்ன தாயி வேணும்? ஒண்ணும் வேண்டாம். நீங்க நல்லா இருந்தாப் போதும்."

கிருஷ்ணப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செல்போனை அணைத்தார், முத்துத்தாயைக் கட்டிக்கொண்டார், போய்விட்டார்.

வண்டி தெரு முக்கைத் தாண்டியபிறகும் முத்துத்தாய் வாசலிலேயே நின்றாள். "என்ன அண்ணாச்சி, ரெண்டாந்தரம் கேக்கவே இல்லையே?" என்றாள்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது, நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கட்டில் வாங்கித் தருகிறேன் என்றார். திண்டுக்கல் டீச்சர் ஒருத்தர் ஃபேன் என்றார். திருப்பூரிலிருந்து ஒருவர், நம்ப மாட்டீர்கள், ஒரு பீரோ அனுப்பட்டுமா என்றே கேட்டிருந்தார். எல்லோருக்கும் கிருஷ்ணப்ரியா ஒரே பதில் எழுதினார்: உங்கள் அன்புக்கு நன்றி, அந்த அம்மாவின் நிறைவை நாம் கலைக்க வேண்டாம். நான் என் போனில் படித்தேன். முத்துத்தாயிடம் சொல்லவில்லை. சொன்னால் வயிறு எரிவாள், எரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அறையைப் பார்க்க ஆள் வர ஆரம்பித்தது. மதுரையிலிருந்து வந்தார்கள், நாகர்கோவிலிலிருந்து வந்தார்கள். எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் வெறுங்கையோடு வந்தார்கள். பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். "இங்க உட்கார்ந்தா மனசே லேசாகுது" என்றாள் ஒரு பெண். அந்த நேரம் முத்துத்தாய் கடனுக்குப் பால் வாங்கிவிட்டு, அடுத்த வீட்டில் டம்ளர் இரவல் கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு தேடி வந்தவர்களைக் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா?

நடுவில் இரண்டு மூன்று தடவை என்னிடம் கேட்டாள். "அண்ணாச்சி, என் ஏனத்த எப்ப எடுத்துக்கிடட்டும்?"

"ஞாயித்துக்கிழமை ஆள் வருதாவள்லா தாயி. ஓயட்டும். ஸ்டோர்ல பத்திரமாத்தான் இருக்கு."

சித்திரையில் கயத்தாற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் மணிராஜ், ஹைவேயில் லாரிகளுக்கு டயர் மாற்றும் கடை வைத்திருக்கிறான். குடி கிடையாது. ஜாதகம் பொருந்தியது. சுடலைச்செல்வியை ஆபீஸ் வாசலிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனான், அவளும் பார்த்தாள். அதிகம் பேசாத பெண் அவள். தீக்குச்சி அடைக்கிற வேகத்தில் நிமிர்ந்தே பார்க்கமாட்டாள். அன்றைக்கு மட்டும் ஸ்டோர் பக்கம் வந்து, "அவிய கடை ரோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கு மாமா?" என்று கேட்டாள். அடுத்த சம்பளத்தில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

பையனின் அம்மா முப்பிடாதியம்மாள் வைகாசி கடைசி ஞாயிறன்று வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள். வீடு பார்ப்பது என்றால் ஏனம் பார்ப்பது. முத்துத்தாய் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை மூட்டைய எடுத்துக் குடுத்திருங்க. புளி போட்டு வெளக்கி வச்சிருதேன். பொறவு, எனக்குக் கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் இல்ல. நீங்கதான் அண்ணனா வந்து உக்காரணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. வருகிறேன் என்றேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்கு கிருஷ்ணப்ரியா ஒரு விசேஷம் ஏற்பாடு செய்திருந்தார். ஐந்து ஏழை ஜோடிகளுக்கு, ஆடம்பரமே இல்லாமல், எளிய கல்யாணம். வியாழக்கிழமை காலை ஸ்டோருக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர், மூன்று சாக்கின் முன்னால் நின்றார்.

"இது என்ன அண்ணே?"

"முத்துத்தாயோட ஏனந்தாம்மா. தையில வச்சது."

"அப்படியேவா இருக்கு? நாலு மாசமா எடுக்கவே இல்லையா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, அவங்களுக்கே இது தேவைப்படல. நாளைக்கு அவங்க கையாலயே அந்தப் பொண்ணுங்களுக்குக் கொடுக்க வைப்போம். எவ்வளவு அழகா இருக்கும்!"

"இல்லம்மா, அது மக கல்யாணத்துக்கு..." என்று இழுத்தேன்.

"மகளுக்கும் அந்தப் பாரம் எதுக்குண்ணே?"

என் மகன் மணிகண்டபிரபு இன்ஜினியரிங் படித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா கிடந்தான். முந்தின மாதம்தான் கார்த்திகேசன் அவனை ஆபீசில் சேர்த்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன? மூட்டைகளை வேனில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போய் முத்துத்தாயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்னூறு அடி தூரம்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் மண்டபத்தில் முத்துத்தாயை மேடையில் முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் எதிரே உட்கார்ந்தே பழக்கமில்லாதவள், நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். சேனலுக்காக வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடிந்ததும் கிருஷ்ணப்ரியா மைக்கில் கூப்பிட்டார். முதல் பித்தளைக் குடத்தை யாரோ முத்துத்தாய் கையில் கொடுத்தார்கள்.

வாங்கியவள் குடத்தின் கழுத்துப் பக்கம் விரலை ஓட்டினாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் போனது. புதுப்பெண் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்து இழுத்தாள், முத்துத்தாய் விடவில்லை. "எவ்வளவு ஆசையா கொடுக்கிறாங்க பாருங்க!" என்று மைக் சொன்னது. ஜனம் கைதட்டியது. முத்துத்தாய் கீழே பார்த்து என்னைத் தேடினாள். நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன். இருக்கிற அறை முதலாளியுடையது, அம்மாவும் மகளும் வாங்குகிற சம்பளம் முதலாளியுடையது. அவள் குடத்தை விட்டாள்.

பிறகு விளக்கு, சருவம், அண்டா. ஐந்து பெண்களுக்கும் கொடுத்து முடித்தாள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையைக் கேட்டிருப்பீர்கள். இங்கே தேங்காய்க்காரியையே உடைக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் சுடலைச்செல்வி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பெயர் ஒவ்வொன்றாக வேறு பெண்களின் இடுப்பில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பழசு போல. எவ பேரோ கெடக்கு" என்று ஒரு பெண்ணின் அம்மா முகத்தைச் சுளித்தாள். "அதுக்கென்ன, ராவி எடுத்துட்டாப் போச்சு" என்றாள் இன்னொருத்தி.

சனிக்கிழமை முத்துத்தாய் ஸ்டோருக்கு வந்தாள். அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அண்ணாச்சி, போனது போகட்டும். ஏனத்தப் பொறவு சேத்துக்கிடலாம். நேத்து மண்டபத்துல எடுத்த வீடியோவ கயத்தாத்துக்காரவ பாத்திருப்பாவ. நானா தூக்கிக் குடுத்தேன்னு நெனப்பாவ. நாளைக்கு நீங்க ஒரு வார்த்தை, நாங்களா குடுக்கல, தெரியாம எடுத்துட்டாவன்னு சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாவ, நீங்க சொன்னா நம்புவாவ. என் பிள்ளைக்கு இது அமஞ்சிரும்."

"சொல்லுதேன் தாயி" என்றேன். சொல்லத்தான் நினைத்தேன், சாமி சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதியம்மாள் இரண்டு பெண்களோடு வந்தாள். பாயில் உட்கார்ந்து நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். சுடலைச்செல்வி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதே நேரம் வெள்ளைச் சட்டையோடு கிருஷ்ணப்ரியாவும் வந்து சேர்ந்தார். பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாழ்த்திவிட்டுப் போகலாமென்று வந்தாராம். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "உங்க மகன் நல்லா வேலை கத்துக்கிறான்னு அவர் சொன்னார்ண்ணே" என்றார். அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது வேறு மாதிரிக் கேட்டது.

முப்பிடாதியம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. எம் மவனும் இவதான் வேணுங்கான். ஆனா நான் அந்த வீடியோவப் பாத்தேன். பெத்த மகளுக்கு வச்சத ஊரான் பிள்ளைக்கு வாரி விடுதவ, நாளைக்கு எங்க வீட்டுல வந்து மகளுக்கு என்ன புத்தி சொல்லுவா? ஒங்ககிட்டத்தான் கேக்கேன் அண்ணாச்சி. நீங்க தாய்மாமன் முறையில உக்காந்திருக்கீய. அத இவளா குடுத்தாளா, இல்ல வேற சங்கதி இருக்கா? வேற சங்கதின்னா சொல்லுங்க. ஏனம் எனக்குப் பெரிசு இல்ல, இப்பவே தட்ட மாத்திருதேன்."

முத்துத்தாய் என் முகத்தையே பார்த்தாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. பக்கத்தில் கிருஷ்ணப்ரியா, என்ன வேற சங்கதி என்று புரியாமல், சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"அவளாத்தான் குடுத்தா" என்றேன்.

முத்துத்தாய் இப்போதாவது கத்துவாள், என் சட்டையைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அண்ணன் என்று அழைத்து உட்கார வைத்தவனைச் சம்பந்தக்காரர்கள் முன்னால் பொய்யன் ஆக்கக்கூடாது என்பது அவள் வளர்ந்த முறை.

"ஆமா மதினி" என்றாள். "அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாவ."

முப்பிடாதியம்மாள் காப்பியைத் தொடாமல் எழுந்தாள். சுடலைச்செல்வி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, நிறைந்த டம்ளர்களைச் சிந்தாமல் எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தாள். பொருளைப் பார்க்கிறவர்கள் போனதே நல்லது என்று கிருஷ்ணப்ரியா அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவும் மகளும் வேலைக்கு வந்தார்கள். ஸ்டோர் வாசலைத் தாண்டும்போது முத்துத்தாய் நின்றாள். "சாப்டீயளா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.